டோக்கியோவில் பதிவான முழக்கம்

ஜப்பானிய ஹார்ட் ராக் பிரியர்கள் தவறவிடக் கூடாத ஒலிப்பதிவு, லவுட்னெஸ் குழுவின் 'லைவ்-லவுட்-அலைவ்'. டோக்கியோவின் நகானோ சன் பிளாசா அரங்கில் நடந்த கச்சேரி இது. 1983இல் இரட்டை இசைத்தட்டாக வந்தது. குழு தொடங்கி அப்போது இரண்டே ஆண்டு! பாடகர் மினோரு நீஹாரா பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே முழங்குகிறார். கிதார் கலைஞர் அகிரா தகாசாகிக்கு இடக்கை மட்டும் போதவில்லை; வலக்கை விரலாலும் தந்திகளைத் தட்டித் தட்டி ஸ்வரங்களைக் கொட்டுகிறார். முனேதகா ஹிகுச்சியின் டிரம்ஸ் தனி ஆவர்த்தனமும் உண்டு. கொஞ்சம் நீளம்தான், ஆனால் அலுக்காது. இரண்டு ஆண்டு கழித்து, இதே குழுவின் 'தண்டர் இன் த ஈஸ்ட்' அமெரிக்க பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 74ஆம் இடத்தைப் பிடித்தது.