ஷாம்பு புட்டியில் எழுந்த குமிழ்கள்

வங்காளதேசத்தின் சில்ஹெட் நகரம், 1996ஆம் ஆண்டு. அங்குள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் பயிற்சி மருத்துவராக முதல் இரவுப் பணியில் இருந்தார் முகமது ஜொபாயர் சிஸ்டி. அந்த ஓர் இரவிலேயே மூன்று பிள்ளைகள் அவர் கண்ணெதிரே நிமோனியாவால் இறந்தனர். இதற்கு ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று அன்று அவர் எடுத்த முடிவு, இன்று பல நாட்டு மருத்துவமனைகளில் பேசப்படும் ஓர் எளிய கருவியாக வளர்ந்திருக்கிறது.

நிமோனியா என்பது நுரையீரல் அழற்சி. நுரையீரலுக்குள் இருக்கும் நுண்ணிய காற்றுப்பைகளில் சளியும் நீரும் கோத்துக்கொள்ளும். சில பைகள் சுருங்கி ஒட்டிப்போகும். பலூன் ஊதிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். முற்றிலும் சுருங்கிய பலூனை ஊதத் தொடங்குவதுதான் கடினம். உள்ளே கொஞ்சம் காற்று நின்றுவிட்டால் பிறகு சிரமமில்லை. நோயுற்ற குழந்தையோ ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த முதல் ஊதலை ஊத வேண்டியிருக்கிறது. ஒரு கட்டத்தில் களைத்துப்போய் மூச்சே நின்றுவிடும்.

பணக்கார நாடுகளில் இந்தக் கட்டத்தில் சுவாசக் கருவி பொருத்துவார்கள். ஒன்றின் விலை 15,000 அமெரிக்க டாலர் வரை போகும். அதை இயக்கத் தேர்ந்த ஆட்களும் வேண்டும். வசதியற்ற மருத்துவமனைகளில் மூக்கு வழியாகக் குறைந்த அளவு ஆக்சிஜன் கொடுப்பதுதான் வழக்கம். ஆக்சிஜன் உள்ளே போகும், ஆனால் ஒட்டிய காற்றுப்பை திறக்காது.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் பணியாற்றியபோது டாக்டர் சிஸ்டி 'குமிழி சிபேப்' என்ற கருவியைப் பார்த்தார். நாடு திரும்பியதும், டாக்காவில் தாம் பணிபுரியும் அனைத்துலக வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையத்தின் மருத்துவமனையில், அதையே மலிவாகச் செய்ய முடியுமா என்று பார்த்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் தூக்கி எறியப்பட்ட ஷாம்பு புட்டி ஒன்று கைக்கு அகப்பட்டது. அதில் தண்ணீர் ஊற்றி, பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை உள்ளே விட்டார்கள்.

வேலை செய்யும் விதம் இதுதான். தொட்டியிலிருந்து வரும் ஆக்சிஜனைக் குழந்தை மூக்கு வழியே இழுக்கிறது. வெளிவிடும் மூச்சு இன்னொரு குழாய் வழியாகப் புட்டித் தண்ணீருக்குள் போய்க் குமிழ்களாக வெளியேறுகிறது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் காற்று வெளியேற முடியும் என்பதால் நுரையீரலில் சற்று அழுத்தம் எப்போதும் நிற்கிறது. காற்றுப்பைகள் ஒட்டாமல் திறந்தே இருக்கின்றன. குழாய் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறதோ, அதுவே அழுத்தத்தின் அளவு. தண்ணீரில் குமிழ்கள் வருவதைப் பார்த்தே கருவி ஓடுகிறது என்று தாதி தெரிந்துகொள்ளலாம். செலவு ஏறக்குறைய ஒன்றேகால் டாலர்.

2011 முதல் 2013 வரை 225 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு, 2015இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. வழக்கமான குறைந்த அளவு ஆக்சிஜன் பெற்றவர்களில் 15 விழுக்காட்டினர் இறந்தனர். குமிழி முறையில் 4 விழுக்காட்டினர். வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால், ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் 644 பிள்ளைகளிடம் நடந்த இன்னோர் ஆய்வு, 2019இல் நேர்மாறான முடிவைத் தந்தது. அங்கே குமிழி முறையில் இறந்தவர்கள் 17 விழுக்காடு, சாதாரண ஆக்சிஜனில் 11 விழுக்காடு. அங்கு அன்றாடம் மருத்துவர் மேற்பார்வை இல்லை. சேர்ந்த பிள்ளைகள் பலர் எச்.ஐ.வி., சத்துக்குறைவு போன்ற வேறு சிக்கல்களுடன் வந்தவர்கள். அழுத்தம் தரும் எந்தக் கருவியிலும் வயிறு ஊதுவது, உணவு நுரையீரலுக்குள் போவது, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவது போன்ற ஆபத்துகள் உண்டு. பக்கத்தில் ஆள் நின்று பார்க்க வேண்டும். புட்டி மலிவு, ஆனால் கவனிப்பு மலிவல்ல.

அதனால்தான் எத்தியோப்பியாவில், மருத்துவர்களுக்கும் தாதியர்க்கும் பயிற்சி கொடுத்து, பொது மருத்துவமனைகளில் டாக்டர் சிஸ்டி குழுவினர் மீண்டும் சோதித்தார்கள். 1,240 பிள்ளைகள் பங்கேற்ற அந்த ஆய்வில் குமிழி முறையில் இறந்தவர்கள் 1 விழுக்காட்டுக்கும் குறைவு; சாதாரண ஆக்சிஜனில் 3 விழுக்காட்டுக்கும் மேல்.

மலேசியாவில் நிமோகோக்கல் தடுப்பூசி, 2020 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு அரசாங்கக் கிளினிக்கில் இலவசம். ஆனாலும் நிமோனியா முற்றாக மறைந்துவிடவில்லை. "சாதாரண சளிதானே" என்று தைலம் தேய்த்துக் காத்திருக்கும் வீடுகள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை மேலே தூக்கி, ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் போனால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே உள்வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், பால் குடிக்க மறுத்தால், விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.