கடலில் நின்று நன்னீர் பருகும் மரம்

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனின் சௌரஸ்தா சந்தையில் ஊறுகாயாக விற்கப்படும் ஜாதிக்காய்ச் சதையை விரும்பி உண்பவர்கள், அது ஏன் அவ்வாறு துவண்டு கிடக்கிறது என்று விசாரிப்பதில்லை. உப்பிலும் சர்க்கரையிலும் கிடந்து ஊறுகையில் அதன் உயிரணுக்களிலிருந்த ஜலம் வெளியேறிவிடுகிறது என்பதே காரணம். அதே தீவின் மேற்குக் கரையில், பாலிக் பூலாவை அடுத்த சுங்கை பினாங்கு முகத்துவாரத்தில், மலாய்க்காரர் பாக்காவ் என்றும் நம்மவர் சுரபுன்னை என்றும் அழைக்கும் விருட்சமோ, ஆயுள் முழுவதும் உப்புநீரிலேயே வேரூன்றி நின்றும், இலை வாடாமல் செழித்திருக்கிறது.

இந்த வேற்றுமையை விளங்கிக்கொள்ள, தாவர சாஸ்திரிகள் நீரியல் திறன் என்று வழங்கும் தத்துவத்தை அறிதல் அவசியம். தூய நீரின் திறனைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, அதில் உப்போ சர்க்கரையோ கரையக் கரைய அத்திறன் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறதென்றும், நீரை அழுத்தினால் ஏறுகிறதென்றும், இழுத்தால் மேலும் தாழ்கிறதென்றும் அவர்கள் கணக்கிடுகிறார்கள். உயிரணுவின் சவ்வைக் கடக்கும் நீர், திறன் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கே செல்லும். கடல்நீரின் திறனோ பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 25 வளிமண்டல அழுத்தம். ஆகவே கடலிலிருந்து ஒரு துளியேனும் மரத்துக்குள் புகவேண்டுமானால், உள்ளே அதனினும் தாழ்ந்த நிலை இருந்தாக வேண்டும்.

உப்பை உள்ளே நிரப்பிக்கொண்டால் அந்நிலை எளிதில் வந்துவிடுமே என்று தோன்றலாம். ஆனால் சுரபுன்னையின் வேர்ச் சவ்வுகள் உப்பில் மிகப் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்திவிடுவதால், தண்டின் சைலக் குழாய்களில் ஏறும் சாறு ஏறத்தாழ நன்னீராகவே இருக்கிறது. நன்னீரின் திறனைக் கடல்நீரின் திறனுக்கும் கீழே தாழ்த்த ஒரே மார்க்கம்தான் உண்டு: அதைப் பிடித்து இழுக்க வேண்டும்! 1965ஆம் ஆண்டில் ஷோலாண்டர் என்னும் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும், வெட்டிய கிளையை அழுத்தக் கலத்தில் அடைத்துச் சோதித்து, சுரபுன்னை போன்ற அலையாத்தி மரங்களின் சாறு பூஜ்யத்துக்குக் கீழே 35 முதல் 60 வளிமண்டலம் வரையிலான இழுவிசையில் எப்போதும் நிற்பதை அளந்து காட்டினார்கள். ஒரு வளிமண்டலம் சுமார் 10 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் பாரத்துக்குச் சமம் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த மெல்லிய குழாய்களுக்குள் நிகழும் காரியத்தின் பிரம்மாண்டம் புலப்படும்.

இவ்வளவு சக்தி எங்கிருந்து வருகிறது? ஜகதீச சந்திர போஸ், உயிருள்ள அணுக்களின் துடிப்பே சாற்றை மேலேற்றுகிறது என்று கருதினார். தாவரங்களின் உணர்ச்சியைப் பற்றி அந்த மேதை செய்த ஆராய்ச்சிகளை நான் பெரிதும் போற்றுகிறேன். எனினும் இவ்விஷயத்தில், டிக்ஸன், ஜோலி என்னும் விஞ்ஞானிகள் 1894இல் டப்ளின் நகரில் வகுத்த கொள்கையையே பிற்காலப் பரீட்சைகள் ஆதரித்தன. இலைத் துளைகளின் வழியே நீர் ஆவியாகும்போது, ஒன்றையொன்று விடாது பற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் வேர்வரை தொடர்ந்து இழுக்கப்படுகின்றன என்பதே அது. பினாங்கின் காற்று வியர்வை உலராத அளவுக்கு ஈரமானதுதான்; ஆயினும் ஈரப்பதம் நூற்றுக்குத் தொண்ணூறாக இருக்கும்போதுகூட அக்காற்றின் நீரியல் திறன் பூஜ்யத்துக்குக் கீழே 140 வளிமண்டலத்தைத் தாண்டிக் கிடக்கிறது. சூரியனும் காற்றுமே இழுக்கின்றன. மரம் வழிவிட்டு, வடிகட்டி, அளந்து வாங்கிக்கொள்கிறது. அந்த இழுப்புக்குத் தாமும் இரையாகாதிருக்க, இலையின் உயிரணுக்கள் கரைபொருள்களைச் சேர்த்துவைத்துத் தம் திறனைத் தாழ்த்தி, விறைப்பைக் காத்துக்கொள்கின்றன.

இத்தனை இழுவிசையில் நிற்கும் நீர்த்தம்பத்தில் ஒரு காற்றுக் குமிழி புகுந்தாலும் அந்தக் குழாய் பயனற்றுப் போகும். ஆகையால் அலையாத்தி மரங்களின் குழாய்கள் குறுகியவை. அவற்றைச் சூழ்ந்த கட்டையும் தடித்த சுவர்களுடன் நெருங்கியிருக்கிறது. பேராக் மாநிலத்துக் குவாலா செபெத்தாங்கில் பாக்காவ் கட்டையை மூட்டம் போட்டு எடுக்கும் கரி, கனமாகவும் நெடுநேரம் எரிவதாகவும் இருப்பது இந்த அடர்த்தியினால்தான்.