இரு பிழைகளும் ஒரு விடையும்

அம்பத்தூரிலிருந்து திருமுல்லைவாயில், அன்னனூர் வழியாக ஆவடி செல்லும் புறநகர் ரயில் பாதையின் மேல் 25,000 வோல்ட் மின்கம்பிகள் ஓடுகின்றன. உற்று நோக்கினால் அவை இரண்டு அடுக்காக இருப்பது தெரியும். மேல்கம்பி தூணுக்குத் தூண் தொய்ந்து தொங்குகிறது. கீழ்க்கம்பியோ, வண்டியின் கூரைமேலுள்ள மின்வாங்கி உரசிச் செல்வதற்கென ஏறக்குறைய மட்டமாக நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் சிறு தொங்குகம்பிகள் தூணருகே நீளமாகவும் நடுவில் குட்டையாகவும் உள்ளன. இந்த நீளங்களை முன்கூட்டியே கணக்கிட்டு வெட்டியாக வேண்டும்; பிழைத்தால் கீழ்க்கம்பி மேடுபள்ளமாகி, விரையும் வண்டிக்கு மின்தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும்; பொறி பறக்கும். எனவே மேல்கம்பியின் வடிவத்தை நாம் அறிந்தாக வேண்டும்.

அவ்வடிவத்தை ஆள்வது ஒரு வகைக்கெழுச் சமன்பாடு: ஒவ்வொரு மீட்டர் நகர்விலும் கம்பியின் சரிவு எவ்வளவு மாறும் என்பதை, எடைக்கும் இழுவிசைக்கும் உள்ள விகிதம் தீர்மானிக்கிறது. தொடக்கத்தில் உயரமும் சரிவும் தெரிந்திருந்தால் மீட்டர் மீட்டராக நடந்து முழு வளைவையும் வரைந்துவிடலாம். ஆனால் நமக்குத் தொடக்கச் சரிவு தெரியாது. தெரிந்தவை இரண்டு முனைகளின் உயரங்கள் மட்டுமே. நிபந்தனைகள் இவ்வாறு இரு எல்லைகளிலும் பிரிந்து கிடக்கும் கணக்கையே எல்லை மதிப்புக் கணக்கு என்கிறோம்.

எளிமைக்காக எண்களை நாமே தேர்ந்துகொள்வோம். தூண்களின் இடைவெளி 60 மீட்டர். முனைகள் சம உயரம். மீட்டருக்குச் சரிவு 900-இல் ஒரு பங்கு கூடுகிறது. தொடக்கச் சரிவு பூஜ்யம் என ஊகித்தால், கம்பி அடுத்த தூணை 2 மீட்டர் உயரமாக அடைகிறது. மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் கீழ்நோக்கிய சரிவு என ஊகித்தால் 4 மீட்டர் தாழ்ந்து போகிறது. இரண்டும் பிழை. இனி ஒவ்வோர் ஊகத்தையும் மற்றதன் பிழையால் பெருக்குவோம்: பூஜ்யத்தை 4-ஆல், 10-ஐ 2-ஆல். கூட்டினால் 20. பிழைகள் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் அவற்றின் கூட்டுத்தொகையான 6-ஆல் வகுத்தால் 3⅓ சென்டிமீட்டர். இதுவே சரியான தொடக்கச் சரிவு. நடுவில் கம்பி 50 சென்டிமீட்டர் தொய்யும்.

இம்முறையை அரபுக் கணித நூல்கள் 'ஹிஸாபுல் கதஅய்ன்', அதாவது இரு பிழைகளின் கணக்கு, என அழைத்தன. எகிப்தைச் சேர்ந்த அபூ காமில் இதைப் பற்றி எழுதிய நூல் கிடைக்கவில்லை. பஅல்பக் நகரத்துக் கிறிஸ்தவ அறிஞரும் கிரேக்க நூல்களை அரபுக்குப் பெயர்த்தவருமான குஸ்தா இப்னு லூக்கா, ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், இதற்கு வடிவியல் நிறுவல் அளித்தார். மர்ராகிஷின் இப்னுல் பன்னா (1256-1321) ஒரு தராசு வரைந்து, தட்டுகளில் ஊகங்களையும் அவற்றுக்கு மேலும் கீழும் பிழைகளையும் எழுதிக் கணக்கிடக் கற்பித்தார். பீசா நகரத்து லியோனார்தோ 1202-இல் எழுதிய நூலில் 'எல்கதாயிம்' என்ற அரபுப் பெயராலேயே இதைக் குறித்தார். சீனத்தின் 'ஒன்பது அத்தியாயங்கள்' இதனை முன்பே அறிந்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் யாரும் வகைக்கெழுச் சமன்பாட்டைக் கண்டவரல்லர்; நுண்கணிதம் பிறந்ததே பதினேழாம் நூற்றாண்டில்தான். ஆயினும் அந்த விதி இங்கே அப்படியே பொருந்துகிறது.

பொருந்துவதற்குக் காரணம், சமன்பாடு நேரியல் என்பதே. தொடக்கச் சரிவை எவ்வளவு மாற்றினாலும், மறுமுனை உயரம் அதே விகிதத்தில் மாறுகிறது. ஆகவே இரு தவறான தீர்வுகளைத் தக்க எடையிட்டுக் கலந்தால் சரியான தீர்வு துல்லியமாகக் கிடைக்கிறது; தோராயமாக அன்று. இன்றைய பாடநூல்கள் இதைப் பீரங்கியோடு ஒப்பிட்டுச் 'சுடும் முறை' என்கின்றன: நிற்கும் இடமும் இலக்கும் தெரியும், குழாயின் கோணமே தெரியாது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1965 முதல் டாங்கிகளை உருவாக்கிவருவதை எண்ணினால், இவ்வுவமை அவ்வூருக்கு அந்நியமன்று. ஆனால் உண்மையான குண்டின் பாதை காற்றின் தடையால் நேரியல் தன்மையை இழக்கிறது. அங்கே இரு பிழைகள் போதா. ஒவ்வொரு விடையையும் புதிய ஊகமாக்கி மீண்டும் மீண்டும் திருத்த வேண்டும்.

நேரியல் கணக்கிலும் இவ்விதி கைவிடும் இடம் ஒன்று உண்டு. நமக்கு அதுவே மிகச் சுவையான பகுதி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கிடைக்கும் மெல்லிய எஃகுத் தண்டு ஒன்றை, இரு முனைகளும் தடையின்றித் திரும்புமாறு நிறுத்தி, மேலிருந்து அழுத்துவதாகக் கொள்வோம். சுமை குறைவாக உள்ளவரை ஒரே விடைதான்: தண்டு நேராக நிற்கும். ஆய்லர் 1744-இல் கண்டறிந்த ஒரு குறிப்பிட்ட சுமையை எட்டியதும், அடிமுனையில் எந்தச் சரிவோடு தொடங்கினாலும் வளைவு மேல்முனையைச் சரியாகத் தொடுகிறது. எல்லாப் பிழைகளும் பூஜ்யம். விதியின் வகுக்கும் எண்ணும் பூஜ்யம். விடைகள் எண்ணற்றவை. மேல்முனை ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்கவேண்டும் என நிபந்தனையிட்டாலோ, விடையே இல்லை. கணிதம் தடுமாறும் அதே சுமையில்தான் தண்டும் பக்கவாட்டில் வளைந்து சரிகிறது.

அதே தண்டின் இரு முனைகளையும் திரும்பாதபடி இறுகப் பற்றினால், அதே எஃகும் அதே நீளமும் நான்கு மடங்கு சுமை வரை தாங்கும்.