ஆற்றுக்கும் ஒரு வருகைப் பதிவேடு

"மேட்டூர் எப்போது திறப்பார்கள்?" தாராசுரத்தில் எங்கள் மாணவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வழக்கமான நாள் ஜூன் 12. அன்று திறந்து தண்ணீர் தொடர்ந்து வந்தால் குறுவை உண்டு. அதன்பின் தாளடியும் உண்டு. தாமதமானால், ஆழ்குழாய்க் கிணறு இல்லாத குடும்பத்துக்குச் சம்பா ஒருபோகம்தான். ஆகவே இது ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் பற்றிய கேள்வி. இதற்கான விடையை எப்படித் தேடுகிறார்கள் என்பதைக் கணக்கு, சமூக அறிவியல் பாடங்களோடு இணைத்து வகுப்பில் கற்பிக்கலாம்.

அளப்பது யார்?

கர்நாடகத்திலிருந்து தமிழகத்துக்கு வரும் காவிரி நீரை எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. மழையளவை இந்திய வானிலை ஆய்வுத் துறை பதிகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும். தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் பெய்து மேட்டூருக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழையோ நம் வயலிலேயே பெய்கிறது.

ஆனால் அளவுகோல் காட்டும் நீர், ஆறு தந்த நீர் முழுவதும் அன்று. மேலே அணைகளில் தேக்கியதும் வாய்க்கால்களில் திருப்பியதும் அதில் இல்லை. அவற்றையும் கூட்டினால்தான் ஆற்றின் உண்மையான விளைவு தெரியும். அப்படிக் கணக்கிட்டே காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று அளித்த இறுதித் தீர்ப்பில், அணைக்கரைக் கீழணை வரையிலான மொத்த நீரை 740 டி.எம்.சி. என்றது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி.

இந்த 740 எல்லா ஆண்டும் கிடைக்கும் அளவு அன்று. 50 விழுக்காடு நம்பகத்தன்மை கொண்ட அளவு. அதாவது, இரண்டு ஆண்டுகளில் ஓர் ஆண்டுதான் அந்த அளவோ அதற்கு மேலோ கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் நமக்கு உறுதிசெய்த 177.25 டி.எம்.சி.யும் இயல்பான ஆண்டுக்கு உரியதே. பற்றாக்குறை ஆண்டில் விகிதப்படி குறைத்துப் பகிர வேண்டும். ஆண்டுதோறும் எழும் வாதங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

வகுப்பில் செய்து பார்க்க

நம்பகத்தன்மையை விளக்க, நம் பாடநூலில் உள்ள இடைநிலை அளவே போதும். மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கப்பட்ட நாள்களைக் கரும்பலகையில் எழுதுங்கள்:

2016 – செப்டம்பர் 20
2017 – அக்டோபர் 2
2018 – ஜூலை 19
2019 – ஆகஸ்ட் 13
2020 – ஜூன் 12
2021 – ஜூன் 12
2022 – மே 24
2023 – ஜூன் 12
2024 – ஜூலை 28

மாணவர்களை ஏறுவரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். ஒன்பதில் நடுவில் நிற்பது ஐந்தாவது நாள்: ஜூலை 19. இது ஏறத்தாழ 50 விழுக்காடு நம்பகத்தன்மை. "நாலு வருஷத்துக்கு மூணு வருஷமாவது சரியா வரணும்" என்று நினைக்கும் விவசாயி எந்த நாளை நம்பலாம்? ஏழாவது நாளை: ஆகஸ்ட் 13. அந்த நாளை வைத்துத் திட்டமிட்டால் ஆற்றுநீரில் குறுவை கிடையாது. ஒரே பட்டியல்தான்; எவ்வளவு துணிகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது.

அடுத்து, 2020 முதல் 2023 வரை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். நான்கு ஆண்டும் ஜூன் 12 அல்லது அதற்கு முன்பே திறந்திருக்கிறார்கள்! இந்த நான்கை மட்டும் பார்ப்பவர் கவலையே இல்லை என்பார். 2016 முதல் 2019 வரை மட்டும் பார்ப்பவர் குறுவையையே கைவிடச் சொல்வார். குறுகிய பதிவு ஏமாற்றும் என்பது இங்கே மாணவருக்குத் தானே விளங்கும்.

உலகிலும் இதற்குப் பெரிய சான்று உண்டு. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை 1922-இல் மாநிலங்கள் பங்கிட்டபோது, கையில் இருந்தது சில ஆண்டுகளின் அளவீடு மட்டுமே. பிற்காலத்தில் பழைய மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தபோது, அந்த ஆண்டுகள் வழக்கத்தைவிட மிகவும் ஈரமானவை என்று தெரிந்தது. ஆற்றில் இல்லாத நீரைக் காகிதத்தில் பங்கிட்ட சிக்கல் இன்றும் அங்கே தீரவில்லை.

நாள் மட்டும் போதாது

பட்டியலில் 2023-க்கு நேரே ஜூன் 12 என்று இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டு பருவமழை பொய்த்து, நீர்வரத்துக் குறைந்து, அக்டோபர் 10 அன்று அணையை மூடினார்கள். டெல்டாவில் பல இடங்களில் குறுவைப் பயிர் கருகியது. முதல் நாள் பள்ளிக்கு வந்த மாணவன் ஆண்டு முழுவதும் வந்தான் என்று சொல்ல முடியாதல்லவா? நாளோடு அளவையும் பார்க்க வேண்டும்.

நீர்த் திட்டமிடல் மாதிரியின் அடிப்படை ஓர் எளிய கணக்குதான்:

நாளைய இருப்பு = இன்றைய இருப்பு + நீர்வரத்து − வெளியேற்றம் − ஆவியாதல்

நாளிதழில் வரும் மேட்டூர் அணை விவரத்தைக் கொண்டு இதைச் செய்யலாம். விநாடிக்கு 10,000 கன அடி நீர் ஒரு நாள் முழுவதும் வந்தால் 10,000 × 86,400 = 86.4 கோடி கன அடி, அதாவது 0.864 டி.எம்.சி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு மாத விவரங்களை மாணவர் குழுக்கள் வெட்டி ஒட்டி, தாமே கணக்கிட்டு, மறுநாள் செய்தியோடு ஒப்பிடலாம். இருப்பு பொருந்தாவிட்டால் ஏன் என்று பேசவிடுங்கள்.

பொறியாளர்கள் இதே கணக்கைக் கிருஷ்ணராஜசாகர், கபினி, மேட்டூர், பவானிசாகர் முதலிய அணைகளுக்குச் சேர்த்துக் கணினியில் செய்கிறார்கள். கடந்த காலத்தின் ஒவ்வோர் ஆண்டு நீர்வரத்தையும் இன்றைய அணைகளிலும் இன்றைய தேவையிலும் ஓட்டிப் பார்த்து, எத்தனை ஆண்டுகளில் பற்றாக்குறை வரும் என்று எண்ணுகிறார்கள். வெப்பம் கூடினால், மழை தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதை, அந்தப் பதிவுகளையே மாற்றிக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். கடந்த காலம் அப்படியே திரும்பி வரும் என்று இனி நம்ப முடியாது. ஆனாலும் நீண்ட, விடுபடாத பதிவு இல்லாமல் இந்தச் சோதனையைத் தொடங்கவே முடியாது.

பள்ளியில் ஒரு மழைமானி வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவெடுத்து, ஒரு குறிப்பேட்டில் எழுதும் பொறுப்பை மாணவர்களிடம் கொடுங்கள். மழை இல்லாத நாளிலும் சுழியம் என்று எழுத வேண்டும். வெற்றிடம் என்றால் மழை இல்லையா, அளக்கவில்லையா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. அந்தக் குறிப்பேட்டை ஆண்டு முடிவில் அடுத்த வகுப்பினரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.