ஒரே வெட்டு, இரண்டு நோய்கள்

துருப்பிடித்த ஆணி காலில் ஏறினால், ரண ஜன்னி (டெட்டனஸ்) வராமலிருக்க உடனே டி.டி. ஊசி போடச் சொல்கிறார்கள். ஆனால் ரண ஜன்னிக்கும் துருவுக்கும் சம்பந்தமே இல்லை. ஆணியில் ஒட்டிய மண்தான் காரணம். மண்ணிலும் சாணத்திலும் 'கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி' என்ற பாக்டீரியா, வித்தாகச் சுருண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதற்கு ஆக்ஸிஜன் ஆகாது. காற்றுப் புகாத ஆழமான புண் கிடைத்தால் முளைத்துப் பெருகும். 1889-இல் ஜப்பானிய அறிஞர் கிடசாட்டோ இதன் குணமறிந்தே இதைப் பிடித்தார். சீழைச் சூடாக்கினார். மற்ற கிருமிகள் மாண்டன, வித்துகள் பிழைத்தன. அவற்றை ஹைட்ரஜன் வாயுவில் வளர்த்தார்.

பாக்டீரியா புண்ணைவிட்டு நகர்வதில்லை. பயணம் போவது அது சுரக்கும் நஞ்சு. ஒரு தூள் உப்புப் பரலின் எடையளவு நஞ்சே நூறு பேருக்கு மேற்பட்டோரைக் கொல்லப் போதும்.

தசையைத் தொடும் நரம்பு நுனியில் நஞ்சு நுழைகிறது. நரம்பு செல்லிலிருந்து நீளும் மெல்லிய இழைக்கு ஆக்ஸான் என்று பெயர். அதற்குள் நுனியிலிருந்து செல்லுக்குச் சரக்கு திரும்பும் ஏற்பாடு ஒன்று எப்போதும் நடக்கிறது. நஞ்சு அதிலேயே ஏறி, நாளுக்குச் சில அங்குலமாகத் தண்டுவடம் சேர்கிறது. பாதத்துப் புண்ணைவிட முகத்துப் புண் சீக்கிரம் நோயைக் காட்டுவது இதனால்தான்.

அங்கே நஞ்சு அந்தச் செல்லைவிட்டுப் பக்கத்துச் செல்லுக்குத் தாவுகிறது. அது தசையை அடக்கும் செல். முழங்கையை மடக்கிப் பாருங்கள். மேற்கையின் முன்தசை சுருங்கும்போது பின்தசை தளர்கிறது. "நீ சும்மா இரு" என்று அதற்குச் சொல்பவை இந்த அடக்கும் செல்கள்தாம். அவற்றின் வாயை நஞ்சு அடைத்துவிட்டால், எல்லாத் தசைகளும் ஒருசேர இறுகுகின்றன. தாடை பூட்டிக்கொள்கிறது, முதுகு வில்லாக வளைகிறது.

வாயை அடைப்பது எப்படி? நரம்பு செல் தன் செய்தி வேதிப்பொருளை நுண்பைகளில் வைத்திருக்கிறது. பை செல்லின் விளிம்போடு ஒட்டி உடைந்தால்தான் செய்தி வெளியேறும். ஒட்டவைப்பது சினாப்டோபிரெவின் என்ற புரதம். நஞ்சு அதை ஒரே இடத்தில் வெட்டுகிறது. இதை 1992-இல் இத்தாலியின் பதுவா ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

கெட்டுப்போன டப்பா உணவில் வரும் பொட்டுலினம் நஞ்சின் பி வகை, அதே புரதத்தை அதே புள்ளியில் வெட்டுகிறது. ஆனால் அது தண்டுவடத்துக்கு ஏறாமல் தசை ஓரத்திலேயே தங்கிவிடும். கட்டளை எட்டாத தசை துவண்டு போகிறது. வெட்டு ஒன்றுதான், வெட்டுப்படும் நரம்பு மாறியதால் ஒரு நோயில் விறைப்பு, மறு நோயில் தளர்ச்சி.

நோய் தரும் அளவு மிகச் சொற்பம் என்பதால் நம் எதிர்ப்பு மண்டலம் ரண ஜன்னி நஞ்சை அடையாளம் கண்டு வைப்பதே இல்லை. ஊசியில் இருப்பதோ வீரியம் போக்கிய நஞ்சு. அதை ஆபத்தின்றி வேண்டிய அளவு கொடுக்கலாம். ஆகவே ரண ஜன்னியிலிருந்து பிழைத்து எழுந்தவரும் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.