மூடையின் மார்க்கும் வாசலுக்குள் இருக்கும் மனிதரும்

திருகோணமலையில் வீடு கட்டுகிற ஒருவர் ஹார்ட்வெயார் கடைக்குப் போனால் விலையைக் கேட்பதற்கு முன்னமே "என்ன மார்க் இருக்கு?" என்றுதான் கேட்பார். மார்க் என்ற சொல்லை நம்மட ஆட்கள் சரியாகத்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள். முகாமைத்துவப் புத்தகங்கள் பல பக்கங்களில் விளக்குவதை அது ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. மார்க் என்பது ஒரு வாக்கு. மூடையைப் பிரித்துப் பார்க்காமலே உள்ளே இருப்பது இன்னதுதான் என்று வாங்குபவரை நம்ப வைக்கிற வாக்கு.

நம் துறைமுகத்தைச் சுற்றிப் பெரிய மார்க்குகள் சில உண்டு. 1977இல் அரசோடு செய்த ஒப்பந்தத்தின் வழியே சீனக்குடாவுக்கு வந்த பிரிமா மாவு ஆலை சிங்கப்பூர்க் குழுமத்தைச் சேர்ந்தது. டோக்கியோ சீமெந்து 1982இல் தொடங்கப்பட்டது. அதை நிறுவிய ஏ. வை. எஸ். ஞானம் தமிழர், கூட்டாளி ஜப்பானிய நிறுவனம். ஊர் திருகோணமலை, பெயர் டோக்கியோ. 2003 முதல் லங்கா ஐஓசியும் இங்கே இருக்கிறது. பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள் அதன் கதையோடு சேர்ந்தவை. இந்தப் பெயர்களை நான் எடுத்தது குறை சொல்வதற்காக அல்ல. மார்க் என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ள நமக்குப் பக்கத்தில் இருக்கும் உதாரணங்கள் இவை, அவ்வளவுதான். இனிமேல் நான் சொல்லப்போகும் சிக்கல்கள் எந்தத் தனி நிறுவனத்தையும் குறித்தவை அல்ல.

மார்க் வெளியே இருப்பவருக்குக் கொடுக்கிற வாக்கு. வாசலுக்கு உள்ளே வேலை செய்கிறவருக்கும் ஒரு வாக்கு உண்டு. அவரை எப்படிக் கூப்பிடுவது, எந்த மொழியில் அறிவித்தல் ஒட்டுவது, யாருடைய பெருநாளுக்கு யார் வேலைக்கு வருவது, என்ன உடுத்தால் என்ன பேச்சு வரும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் வேலைத்தலப் பண்பாடு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் நான்கு பேர் முஸ்லிம்கள், மூன்று பேர் தமிழர், மீதியில் பெரும்பாலோர் சிங்களவர். இங்கே ஓரளவு பெரிய எந்த வேலைத்தலமும் மூன்று சமூகமும் கலந்ததாகத்தான் இருக்க முடியும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பாதைக்குக் காத்து நின்ற காலமும் போய்விட்டது. கிண்ணியாப் பொடியன்மார் காலை ஷிஃப்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்து சேருகிறார்கள்.

வெளி வாக்கும் உள் வாக்கும் வேறு வேறு விஷயம் என்றுதான் பல முதலாளிமார் நினைக்கிறார்கள். மார்க்கைப் பார்க்க விளம்பரப் பகுதி, ஆட்களைப் பார்க்க நிருவாகப் பகுதி. இரண்டும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பதை நம் நாட்டு அனுபவமே காட்டுகிறது.

2013ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா அப்போது ஹலால் சான்றிதழ் வழங்கி வந்தது. பொது பல சேனாவின் எதிர்ப்பு இயக்கம் சூடேறி, பெப்ரவரியில் மஹரகமவில் நடந்த கூட்டத்தில் ஹலால் முத்திரையை ஒழிக்க வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்கப்பட்டது. மார்ச் மாதத்தில் இலங்கை வர்த்தக சம்மேளனம் நடுவே வந்து பேசியது. உள்ளூர்ச் சந்தையில் முத்திரை கட்டாயமில்லை, ஏற்றுமதிக்கு மட்டும் தொடரும் என்ற இணக்கம் வந்தது. பிறகு அந்தப் பொறுப்பு ஜம்இய்யதுல் உலமாவிடமிருந்து ஹலால் அங்கீகாரச் சபை என்ற தனி நிறுவனத்துக்குப் போனது.

நிறுவனங்களின் நிலையிலிருந்து இதைப் பார்த்தால் ஒரு பாடம் இருக்கிறது. பொருள் மாறவில்லை. உள்ளே போட்ட சாமானும் மாறவில்லை. லேபலில் இருந்த ஒரு சின்ன வட்டம் மட்டும் அரசியலானது. அந்த வட்டத்தைக் காப்பாற்ற எந்த விளம்பரமும் உதவவில்லை. அதே மார்ச் மாதக் கடைசியில் பெபிலியானையில் முஸ்லிம்களுக்குச் சொந்தமான பெரிய ஆடைக் கடையொன்று தாக்கப்பட்டது. 2014 ஜூனில் பாணந்துறையில் இன்னொன்று எரிந்தது. இப்படிப்பட்ட கடைகளில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். கடை எரிந்தால் அவர்களுடைய சம்பளமும் சேர்ந்துதான் எரிகிறது.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் நடந்தது இன்னும் கூர்மையான பாடம். முஸ்லிம் ஒருவருடைய சாப்பாட்டுக் கடையில், உணவுக்குள் மலட்டு மாத்திரை இருக்கிறது என்று வதந்தி கிளம்பியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாத்திரையே இல்லை, மாச்சத்துக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு அறிக்கை கொடுத்தார். சாதாரண மாவுக் கட்டி! ஆனால் அந்த அறிக்கை வரும்போது சேதம் முடிந்துவிட்டது.

வதந்தி வருகிற அந்த ஒரு மணித்தியாலத்தில் ஒரு கடையை எது காப்பாற்றும்? சான்றிதழ் சுவரில் தொங்கும், அதை வாசிக்க யாரும் நிற்க மாட்டார்கள். "நான் அங்கதான் வேலை செய்யிறன். மாப் பிசையிறதே நான்தான். அப்படி ஒண்டும் இல்ல" என்று தன் ஊரில், தன் மொழியில், தன் சனத்துக்கு முன்னால் சொல்லக்கூடிய ஒரு சிங்களத் தம்பியோ தமிழ்த் தங்கச்சியோ உள்ளே இருந்தால் அதுதான் காப்பு. எப்போதும் அது போதும் என்று சொல்ல மாட்டேன். கும்பல் வெறிக்கு முன் எதுவும் போதாமல் போகலாம். ஆனால் அந்த ஆள் வாய் திறப்பாரா என்பது, அவரை நாம் உள்ளே எப்படி நடத்தினோம் என்பதில் இருக்கிறது. மார்க்கைக் கடைசியில் காப்பது லேபல் அல்ல, வாசலுக்குள் இருக்கும் மனிதர்.

இனி அந்த மனிதருக்குச் சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறது என்று பார்ப்போம்.

அரச உத்தியோகத்தருக்கு நிலைமை ஓரளவு தெளிவு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நேரம் விட வழி இருக்கிறது. ரமழான் வந்தால் தொழுகை நேரங்களுக்கு வசதி செய்யும்படி சுற்றறிக்கை வருகிறது. தனியார் கம்பனியில் அது முதலாளியின் மனதைப் பொறுத்தது. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையும் 14ஆம் உறுப்புரையும் மதச் சுதந்திரத்தைப் பேசுகின்றன. ஆனால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போவது அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்கு எதிராகத்தான். தனியார் மேற்பார்வையாளர் ஒருவர் தொழுகைக்கு விடவில்லை என்றால் அந்தக் கதவு திறக்காது.

நாட்காட்டியையும் ஒருமுறை கவனமாகப் பாருங்கள். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் பொது விடுமுறை, வங்கி விடுமுறை. வர்த்தக விடுமுறைப் பட்டியலில் அவை இல்லை. அந்தப் பட்டியலில் நமக்கு இருப்பது மீலாத் தினம் மட்டும். அதனால் தனியார் துறையில் வேலை செய்யும் ஒருவர் பெருநாள் தொழுகைக்குப் போக, தன் சொந்த லீவில் ஒன்றை எடுக்க வேண்டி வரலாம்.

உடைப் பிரச்சினை நம் நகரத்திலேயே வந்து போனது. 2018இல் சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்தது சர்ச்சையாகி, அவர்கள் தற்காலிகமாக வேறு பாடசாலைக்கு மாற்றப்பட்டார்கள். பாடசாலைத் தரப்பு தம் நிறுவனத்தின் மரபையும் அடையாளத்தையும் பேசியது. ஆசிரியைகள் தம் உடையுரிமையைப் பேசினார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு 2019இல் அவர்கள் அபாயா அணிய இடமளிக்கும்படி பரிந்துரைத்தது. இரண்டு பக்கத்திலும் மனக்காயம் இருந்தது, அதைக் கிளற நான் வரவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். அது அரச பாடசாலை என்பதால் ஆணைக்குழுவுக்குப் போக முடிந்தது. ஒரு தனியார் அலுவலகத்தின் முன்மேசையில் இருக்கும் பிள்ளைக்கு அந்த வழி அவ்வளவு இலகுவல்ல.

இது நமக்கு மட்டும் வந்த சோதனையும் அல்ல. அமெரிக்காவில் அபர்குரோம்பி அண்ட் ஃபிட்ச் என்ற ஆடை நிறுவனம் தன் கடை ஊழியர் எப்படித் தோன்ற வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தது. 2008இல் துல்சா நகரில் முக்காடு போட்ட ஓர் இளம்பெண் அதனால் வேலை பெறவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015 ஜூனில் அந்தப் பெண்ணின் பக்கம் தீர்ந்தது. ஐரோப்பிய நீதிமன்றமோ 2017 மார்ச்சில், பெல்ஜிய வழக்கொன்றில், எல்லா மதச் சின்னத்துக்கும் ஒரேமாதிரித் தடை போடும் நடுநிலை விதியைத் தனியார் நிறுவனம் வைத்திருக்கலாம் என்றது. இரண்டு நிறுவனத்தின் வாதமும் மார்க்கைப் பற்றியதுதான். "எங்கள் முகம் இப்படித்தான் தெரிய வேண்டும்." ஒரு நாடு அதை ஏற்கவில்லை, இன்னோர் இடத்தில் நிபந்தனையோடு ஏற்றார்கள். சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்றால், நாம் சட்டத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது.

முதலாளியின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆலை இரவு பகலாக ஓடுவது. நடுவில் நிறுத்தினால் நட்டம், சில நேரம் ஆபத்தும்கூட. ஒரு பகுதியில் இருபது பேரில் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் ஜும்ஆவுக்குப் போனால் மெஷினைப் பார்ப்பது யார்? ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் தொங்கும் துணி எந்த மதத்தினுடையதானாலும் அபாயம்தான். இவை சாட்டு அல்ல, உண்மையான சிக்கல்கள்.

ஆனால் தீர்க்கக்கூடியவை. வெள்ளி நண்பகலில் தமிழ், சிங்களத் தோழர்கள் நின்று கொடுத்தால், வெசாக்குக்கும் பொங்கலுக்கும் முஸ்லிம்கள் நின்று கொடுக்கலாம். ஜும்ஆ நாளை மார்க்கம் முழு ஓய்வு நாளாக ஆக்கவில்லை. தொழுதுவிட்டு வேலைக்குத் திரும்பலாம். கேட்பது ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். ரமழானில் பகல் சாப்பாட்டு இடைவேளையைச் சுருக்கி நோன்பு திறக்கும் நேரத்துக்கு வைக்கலாம். பெல்ட்டுக்குப் பக்கத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குத் தலையோடு ஒட்டி நிற்கும் முக்காடு போதும். பாதுகாப்புக்காகச் சொல்லும் விதியையும் "நம் தோற்றத்துக்கு ஒத்துவராது" என்ற விதியையும் ஒன்றாகக் கலக்காமல் இருந்தால் பாதிச் சண்டை வராது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, இவை எழுத்தில் இருக்க வேண்டும். கிண்ணியாவிலிருந்து வேலைக்குப் போகும் ஒரு தம்பி என்னிடம் சொன்னார்: "ஸேர் நல்லவர் காக்கா. அவர் இரிக்கிற வரைக்கும் ஜும்ஆவுக்கு உடுவார். அவர் மாறிப் போனா என்ன நடக்குமோ தெரியா." அந்த இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. தயவாகக் கிடைப்பது ஆள் மாறினால் போய்விடும், விதியாக இருப்பது நிற்கும். அந்த விதியும் மூன்று மொழியிலும் பலகையில் ஒட்டப்பட வேண்டும். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவருக்கு வேறு மொழியில் மட்டும் எழுதிய விதி இருந்தென்ன, இல்லாமல் போயென்ன?

இதுவரை நமக்கு வர வேண்டியதைப் பேசினேன். இனி நாம் கொடுக்க வேண்டியது. நம்மவர் நடத்தும் கடைகளிலும் களஞ்சியங்களிலும் மற்றச் சமூகத்துப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். பொட்டு வைத்து வரும் தங்கச்சியிடம் யாராவது பகிடியாக ஏதும் சொல்கிறார்களா? பொங்கல் வர்த்தக விடுமுறைதானே, அன்றைக்கு வேலைக்கு எடுத்தால் அதற்குரியதைக் கொடுக்கிறோமா? போயா அன்று வீட்டுக்கு அனுப்புகிறோமா?

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இலிருந்து இருக்கிறது. ஊழியர் பங்கு நூற்றுக்கு 8, முதலாளி பங்கு 12. அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 கட்ட வேண்டும். சின்னக் கடைகள் சிலதில் இந்தக் கணக்கே திறக்கப்படுவதில்லை என்பது நமக்குள் தெரிந்த ரகசியம். "கைச் சம்பளம் கூடத் தாறன், அது எதுக்கு?" என்பார்கள். பத்து வருடம் உழைத்த பிள்ளை வெளியே போகும்போது கையில் ஒன்றும் இல்லை. அது நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பொருளில் ஹலால் முத்திரையைத் தேடுகிற நாம், அந்தப் பொருளைத் தூக்கி வைத்தவரின் உரிமையில் கை வைத்தால், முத்திரை எதற்குச் சான்று?

2013இல் முத்திரைக்காகப் பதறிய அளவுக்கு நாம் இந்த உள் வாக்கைப் பற்றிப் பேசவில்லை. இப்போது பேசலாம். நம் ஊர் வர்த்தகர் சங்கங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் அடுத்த கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலில் மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளட்டும். நம் ஊழியர் எல்லாருக்கும் சேமலாப நிதி கட்டப்படுகிறதா? ஒவ்வொரு சமூகத்தினதும் பெருநாளுக்கான ஏற்பாடு எழுத்தில் இருக்கிறதா? குறை சொல்ல வரும் ஊழியர் யாரிடம், எந்த மொழியில் சொல்வது? இந்த மூன்றுக்கும் நம் கடையில் பதில் வைத்துக்கொண்டு, பிறகு பெரிய கம்பனிகளிடம் போய் ஜும்ஆவுக்கு நேரம் கேட்டால், நம் பேச்சுக்கு வேறொரு கனம் இருக்கும்.