கடல் வெளுக்கும், முகம் கருக்கும்: மாசி மகப் படங்களின் ஒளிக்கணக்கு

மாசி மகத்தன்று காலை புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரர்கள் பலர் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு நடந்தே போய்விடுவார்கள். மயிலம் முருகன், தீவனூர் விநாயகர் என்று சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவர்கள் தீர்த்தவாரிக்கு அங்கே வரிசையாக வந்து நிற்பார்கள். கூட்டம் முழுக்கக் கைகளில் போன் உயர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு படத்தில் கடல் வெளுத்திருக்கும். இன்னொன்றில் கடல் அழகாக வந்து, பாட்டியின் முகம் இருண்டிருக்கும். 'புது போன் வாங்கினால் சரியாகிவிடுமா?' என்பது அடுத்து எழும் கேள்வி.

ஆகாது. கோளாறு நிற்கும் இடத்திலும் கேமரா ஒளியை அளக்கும் விதத்திலும் இருக்கிறது.

புதுச்சேரிக் கடற்கரை கிழக்கு பார்த்தது. காலையில் மணலில் நின்று கடலைப் பார்த்துப் படமெடுத்தால் சூரியன் நேர் எதிரே இருக்கும். நடுவில் நிற்பவர்களின் முகம் முழுக்க நிழல். பிரகாசமான வானத்துக்கும் நிழலில் இருக்கும் முகத்துக்கும் 5 ஸ்டாப் வேறுபாடு என்றால், ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியை இரட்டிப்பதால், அது 32 மடங்கு. கண் ஒவ்வொரு இடத்துக்கும் தன்னைத் திருத்திக்கொண்டே பார்ப்பதால் நமக்கு இது உறைப்பதில்லை.

கேமராவின் ஒளிமானிக்கோ அடிப்படையில் எதிரே இருப்பது சாமியா, வேட்டியா, அலையா என்று தெரியாது. வரும் ஒளியை மொத்தமாக அளந்து, அதன் சராசரியை நடுத்தரச் சாம்பலில் கொண்டுவந்து நிறுத்தப் பார்க்கும். விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் சாம்பல் அது. வெள்ளை வேட்டியைக் காட்டினால் வெளிச்சத்தைக் குறைத்து அழுக்காக்கும். கருங்கல் சிலையைக் காட்டினால் வெளிச்சத்தைக் கூட்டி வெளிற வைக்கும். ஆகவே வெள்ளைக்கு வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும், கருப்புக்குக் குறைக்க வேண்டும். தலைகீழாகத் தோன்றினாலும் கணக்கு இதுதான்.

இதைக் கல்யாணப் பந்தியாக நினைத்துப் பாருங்கள். சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஓர் இலை. வானத்து இலையில் பெரிய கரண்டியால் சாம்பார் விழுகிறது. முகத்து இலையில் ஸ்பூனால். ஆனால் மேற்பார்வையாளர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் 'போதும்' என்று கைகாட்டுவார். சீக்கிரம் காட்டினால் முகம் பட்டினி. தாமதித்தால் வானத்து இலை வழிந்துவிடும். வழிந்ததை எந்த எடிட்டிங்காலும் அள்ள முடியாது. பட்டினி இலையில் சில துளிகளாவது இருக்கும். தண்ணீர் விட்டு நீட்டலாம், ருசி குறையும், அதாவது படத்தில் புள்ளி தட்டும். திரையில் முகத்தைத் தொடுவது, 'இந்த இலையைப் பார்த்துக் கைகாட்டுங்கள்' என்று சொல்வது. எச்டிஆர் என்பது அடுத்தடுத்துப் பல பந்தி நடத்தி, ஒவ்வொன்றிலும் சரியாக நிறைந்த இலைகளை மட்டும் பொறுக்கி ஒரே பந்தியாகக் காட்டுவது. அதற்குள் விருந்தாளி அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டால்? அசையும் பல்லக்கின் ஓரம் இரட்டையாகத் தெரிவது அதனால்தான்.

வரலாறு சுருக்கமாக: 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப்புக்கும் வானம் தொல்லை கொடுத்தது. அன்றைய நெகட்டிவ்கள் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கின. 1855-இல் பர்மாவில் எடுத்த நெகட்டிவ்களில், வெளுத்துப்போன வானத்தில் அவர் மேகங்களைக் கையால் தீட்டினார்.

இன்று அந்தத் தூரிகையின் இடத்துக்கு விளம்பரம் வந்திருக்கிறது. 200 மெகாபிக்சல் என்கிறார்கள். அத்தகைய சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.6 மைக்ரோமீட்டர், இவ்வளவு சிறியதில் விழும் ஒளி மிகக் குறைவு. அதனால் சாதாரணப் பயன்பாட்டில் போனே 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து, 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. முகத்தை வெளுக்க வைக்கும் அழகு ஃபில்டரும் வேண்டியதில்லை. கருத்த முகத்துக்கு வேண்டியது சரியான ஒளி. வேறு நிறம் அல்ல.

செய்ய வேண்டியவை சில. முதலில் லென்ஸைத் துடையுங்கள்; கடல் காற்றின் உப்புப் படலம் எதிர்வெளிச்சத்தில் படத்தை மங்கலாக்கும். கூட்டம் இடம்கொடுத்தால் அலைக்கு எட்டாத ஓரத்துக்குப் போய், கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். காலைச் சூரியன் சாமி முகத்திலும் மனிதர் முகத்திலும் நேராக விழும். இடம் மாற முடியாவிட்டால், திரையில் முகத்தை விரலால் அழுத்திப் பிடித்து அளவைப் பூட்டிவிட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். வானமும் அலையும்தான் முக்கியம் என்றால் குறைத்து எடுத்து, நிழலைப் பிறகு சற்றே உயர்த்துங்கள். பல்லக்கு அசையும்போது எச்டிஆரை நிறுத்திவிடலாம்.

இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு வெள்ளை வேட்டியையும் ஒரு கருப்புத் துணியையும் தனித்தனியே, படச்சட்டம் முழுக்க நிறையும்படி எடுங்கள். பெரும்பாலும் இரண்டுமே சாம்பல் பக்கம் நகர்ந்திருக்கும். வெள்ளை வெள்ளையாகவும் கருப்பு கருப்பாகவும் வரும்வரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பழகுங்கள். புது போனுக்கான பணத்தை எடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.